வாசலில் பரப்பி விற்க எந்தச் சாமானை எடுப்பது?

எங்கள் வகையறாவில் யாராவது சின்ன வீட்டுக்கு மாறினாலும், பெரியவர்கள் காலமான பிறகு வீட்டைக் காலி பண்ண வேண்டி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கார் ஷெட்டிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்றிருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சித்தி வீட்டை விலைக்குக் கொடுத்தபோது திண்ணை நிறையப் பரப்பினோம். அமெரிக்காவில் இதைத்தான் கராஜ் சேல் என்கிறார்கள். பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் சொல்வாள், அங்கே கோடைக்காலத்தில் ஊர்க்காரர்கள் தெரு முழுக்கக் கடை விரிப்பார்களாம். வியாபாரி இல்லாத ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அப்படி விரிக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை, வாட்ஸாப் குரூப்பில் நாலு போட்டோ, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆனால் எதை வெளியே எடுத்து வைப்பது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, "இது இனிமேல் நமக்கு வேணுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதில் ஒரு பகல் போய்விடும், புருஷன் பெண்டாட்டி சண்டையும் வந்துவிடும். நான் கேட்கும் கேள்வி வேறு. இதை யார் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்? ஒரு ஆள் மனதில் தோன்றினால் அது வாசலுக்குப் போகலாம். யாருமே தோன்றவில்லையா, அது எடைக்குப் போகும், அல்லது சும்மா கொடுக்கப் போகும், அல்லது நம் வீட்டிலேயே இருக்கும். நமக்கு வேண்டாதது என்பதால் மட்டும் ஒரு பொருள் விலைபோய்விடாது.

புதுச்சேரியில் அந்த ஆட்களை நினைத்துப் பார்ப்பது சுலபம். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. இவற்றைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பக்கெட், மக், டேபிள் ஃபேன், இண்டக்‌ஷன் அடுப்பு, மடக்கு மேசை, துணி உலர்த்தும் ஸ்டாண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவையெல்லாம் பரப்பின அரை மணியில் போய்விடும். பைக்கில் பின்னால் ஒருவன் பிடித்துக்கொண்டு போகிற அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிப்மருக்கு நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் வீடு பிடித்துத் தங்குகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் குக்கர், பாய், நாலைந்து தட்டு, ஃப்ளாஸ்க் வேண்டும். தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடுகிற அக்கா வருவார். நாம் பரணில் போட்டு வைத்திருக்கும் பெரிய குண்டானும் இட்லிப் பானையும் அவருக்குத் தொழில் முதல். தனிக்குடித்தனம் போன புது ஜோடி வருவார்கள். அப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கடை போடுகிற வியாபாரிகளும் விடியற்காலையிலேயே வந்து பார்ப்பார்கள். எங்கே வாங்கி எங்கே விற்றால் லாபம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அவர்கள் எதை முதலில் தொடுகிறார்கள் என்று கவனித்தாலே விலை நமக்கும் தெரிந்துவிடும்.

பிரிப்பதைப் பரணிலிருந்து ஆரம்பியுங்கள். சமையலறையில் கை வைத்தால் அன்று சமையல் கிடையாது, ஹாலில் ஆரம்பித்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் யோசனை சொல்வான். உள் அறையில் மூன்று பாய் விரித்துக்கொள்ளுங்கள். ஒன்று வாசலுக்கு, ஒன்று எடைக்கு, மூன்றாவது யாரையாவது கேட்க வேண்டியவற்றுக்கு. அந்த மூன்றாவது பாய்தான் முக்கியம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிரான்சிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைப் படம் எடுத்து அனுப்பி, ஒரு தேதி சொல்லிவிடுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் முடிவு நம் கையில். கேட்காமல் விற்ற ஒரு சாதாரண வெற்றிலைப் பெட்டிக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பித்தளை, வெண்கலம், எவர்சில்வர்

நம் வீடுகளில் பணம் இருப்பதும் ஏமாறுவதும் பாத்திரத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து, கழுத்தை ஒட்டி விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சித்தி வீட்டுத் தவலை ஒன்றில் களிம்பு ஏறிப்போய்க் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்த பிறகு பாட்டியின் பெயரின் முதல் எழுத்தும், சீர் கொடுத்த தாய்மாமன் பெயரும், கல்யாணத் தேதியும் ஒவ்வொரு புள்ளியாக மேலே வந்தன. இப்படிப் பெயர் இருப்பவை எல்லாம் நேராக மூன்றாவது பாய்க்குப் போக வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவரின் பிள்ளையோ பேத்தியோ யாராவது கேட்பார்கள். கேட்கவில்லையென்றால் மட்டும் விற்கலாம். வாங்குகிறவருக்கு அந்தப் பெயரால் விலை கூடாது, குறையவும் குறையாது.

அடுத்து, பித்தளையா வெண்கலமா என்று பிரிக்க வேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, மஞ்சளாக இருக்கும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, நிறம் கொஞ்சம் மங்கல். விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு கரண்டியால் தட்டுங்கள். வெண்கலம் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலப் பானை, உருளி எதையும் எடைக்குப் போடாதீர்கள். வெண்கலப் பானையில் பொங்கல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர், மார்கழிக் கடைசியில் தேடிக்கொண்டு வருவார்கள். உருளியைத் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட வாங்குகிற கூட்டம் தனி. ஊரில் உள்ள விருந்தினர் விடுதிகளின் வாசலைப் பாருங்கள், புரியும்.

பித்தளை அண்டா, குடம், தவலையில் நெளிசல் இல்லாதது, அடிப்பாகம் கெட்டியாக இருப்பது வாசலுக்கு. ஒட்டுப் போட்டது, ஓட்டை விழுந்தது எடைக்கு. எடைக்குப் போடுமுன் வீட்டுத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரக் கடையில் பழைய பித்தளையைப் போட்டுப் புதிது எடுத்தால் சேதாரம் என்று கழிப்பார்கள். ரொக்கமாகக் கேட்டால் விலை வேறு, மாற்றாகக் கேட்டால் வேறு. இரண்டையும் கேளுங்கள்.

ஈயச்சொம்பு இருந்தால் எவர்சில்வர் கும்பலோடு போட்டுவிடாதீர்கள். பார்க்கக் கருத்து, நெளிந்து, அழுக்காக இருக்கும்; இளம் பிள்ளைகள் அலுமினியம் என்று நினைத்துவிடுவார்கள். அது வெள்ளீயம். அதில் ரசம் வைக்கத் தெரிந்த ஒரு மாமி கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்துக்கொண்டு போவார். வாங்குகிறவருக்கு அது புதிது என்றால், உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் உள்பக்கம் ஈயப் பூச்சு போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். பூச்சு இல்லாத பித்தளையில் புளிக் குழம்பு வைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

எவர்சில்வர் எவ்வளவு இருந்தாலும் போகும். ஒரே ஒரு விஷயம், டம்ளரையும் தட்டையும் ஆறு ஆறாகக் கட்டி வையுங்கள். உதிரியாக வைத்தால் கிளறுவார்கள், எடுக்க மாட்டார்கள். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி இரண்டும் எடைக்குத்தான், ஜோடி கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். பழகின இரும்பு தோசைக்கல் இருந்தால், என் கருத்து, அதை விற்கக் கூடாது. புதுக்கல்லைப் பழக்கி எடுப்பதற்குள் எத்தனை தோசை பிய்ந்து வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மி, ஆட்டுக்கல், உரல். இவற்றைத் தோட்டத்தில் அலங்காரத்துக்கு வைக்க வாங்குகிறார்கள். தூக்க நாலு ஆள் வேண்டும், வண்டி வாடகை கல்லின் விலையை விடக் கூட ஆகும். வாசலுக்கு இழுத்து வந்து முதுகைப் பிடித்துக்கொள்ளாமல், கிடக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்துச் சொல்லுங்கள். வேண்டுமென்றவர் ஆளோடு வரட்டும்.

மரமும் பீரோவும்

கடலோர ஊரில் இரும்பு பீரோ என்றாலே முதலில் பார்க்க வேண்டியது காலும் அடித்தட்டும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கீழே உப்புக்காற்று தின்றிருக்கும். ஒரு கரண்டிக் காம்பால் அடித்தட்டைக் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் எடைக்கு. கெட்டியாக இருந்தால் நல்ல விலை போகும், உள் லாக்கர் சாவியும் இருக்க வேண்டும். சாவி தொலைந்திருந்தால் விற்குமுன் ஆள் வைத்துத் திறந்துவிடுங்கள். நாம் மறந்துபோன ஒரு மோதிரமோ பத்திரமோ அதில் கிடந்தால், அது வாங்கினவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பிளைவுட் சாமானுக்கு மழை கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. கடலூர்க்காரர்களுக்கு 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று பழைய கணக்கும் உண்டு. தண்ணீர் குடித்த பிளைவுட்டின் அடி ஓரம் அப்பளம் போல் உப்பியிருக்கும், கதவு சரியாக மூடாது. இதை விற்க வேண்டாம். தண்ணீரில் நின்ற ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஓடினாலும், "தண்ணீரில் நின்றது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதே தெருவில்தானே நாளைக்கும் நடக்கப் போகிறோம்.

தேக்கு, தோதகத்தி, பலா மரச் சாமான்கள் இருந்தால், அவற்றை வாசலில் வைக்காதீர்கள். புதுச்சேரி நகரிலும் ஆரோவில் போகும் வழியிலும் பழைய மரச் சாமான், பழைய கதவு, தூண் வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. பிரம்புப் பின்னல் போட்ட நாற்காலி, கை நீளமான சாய்வு நாற்காலி, கண்ணாடி போட்ட அலமாரி இதெல்லாம் அவர்கள் வந்து பார்க்கட்டும். குறைந்தது இரண்டு கடைக்காரர்களைத் தனித்தனியாக வரச் சொல்லுங்கள். முதல் ஆள் சொன்ன விலையை இரண்டாமவரிடம் சொல்லாதீர்கள். பெயிண்ட் அடித்திருந்தால் என்ன மரம் என்று கண்டுபிடிக்க, டிராயரை முழுக்க உருவி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள்.

பூச்சியையும் பார்க்க வேண்டும். கரையான் என்றால் காலில் மண் தடம் ஏறியிருக்கும். வண்டு என்றால் ஊசித் துளையும், கீழே மாவு போல் கொட்டினதும் இருக்கும். மாவைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து அடிக்காமல் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மெத்தையை நான் எப்போதும் விற்பதில்லை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை என்றால் பஞ்சை எடுத்து அடித்துப் புதுசாகத் தைத்துக் கொடுப்பவர்கள் தெருவில் வருவார்கள், அதை நமக்கே தைத்துக்கொள்ளலாம்.

மின்சாரச் சாமான்

ஒரே விதி: வாசலில் பிளக்கில் சொருகி ஓட்டிக் காட்ட முடிந்தால் வையுங்கள். "நல்லாத்தான் ஓடிச்சு" என்று சொல்லி விற்கிற மிக்சியை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுங்கள், கீழே ஒழுகுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். குக்கருக்குப் புது கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் நாமே வாங்கிப் போட்டுவிட்டால் செலவு கொஞ்சம்தான், விலை நன்றாகக் கூடும், மனசும் நிம்மதி.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரைக்கும் இழுக்கும், இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் அதில் பாதிகூட எடுக்காது. அதனால் கரண்ட் பில் கட்டுகிற வீட்டுக்காரர் பழையதை வாங்க மாட்டார். ஆனால் அறைகள் வாடகைக்கு விடுகிறவர்கள் வாங்குவார்கள். பாருங்கள், இங்கேயும் கேள்வி யார் என்பதுதான்.

பெரிய டப்பா டிவிக்கு ஆள் இல்லை. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் போக வேண்டும். புது டிவி வாங்கும்போது கடையிலேயே மாற்றாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள், அதுதான் சுலபம். கடலூர்ப் பக்கம் பரணைத் திறந்தால் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி, 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று ஒரு வரிசையே இருக்கும். அரசு முத்திரை உள்ளதை நான் விலைக்கு வைப்பதில்லை. ஓடுகிற நிலையில் இருந்தால், வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் "உனக்கு வேணுமா தங்கச்சி?" என்று கேட்டுச் சும்மா கொடுத்துவிடுவேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியை வாசலில் வைக்காதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதற்கு விலை கழித்துக்கொள்வார்கள். பழைய செல்போன், லேப்டாப் என்றால் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்த பிறகுதான். பேரப்பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு வகை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்களிலும், பாரிசில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலும், அங்கிருந்து வந்த காபி மெஷினும் ஓவனும் பெட்டி பிரிக்காமலே கிடக்கும். மின்னழுத்தம் ஏறக்குறைய நம்முடையதுதான், 230 வோல்ட், அதனால் ஓடும். பிளக் மட்டும் நம் பாயின்ட்டில் சரியாக உட்காராது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தோடு நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டி வையுங்கள். கஃபே நடத்துகிற பையன்கள் இதற்கு அலைவார்கள்.

துணியும் புத்தகமும்

துணிக்கு வாசலில் விலை கிடைக்காது. குழந்தைச் சட்டை போகும், பெரியவர்கள் துணி கிடக்கும். பட்டுப் புடவை மட்டும் விதிவிலக்கு. "பழைய பட்டுப் புடவை வாங்கறோம்" என்று தெருவில் வருகிறவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக வாங்குகிறார்கள். ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை உருவி, மேல் பூச்சை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் சோதித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் மாதிரி சுருண்டு வந்தால் அது வெறும் புடவை, கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவருக்குக் கொடுங்கள்.

புத்தகத்தை ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். பழைய புகைப்படம், வங்கி ரசீது, ஆதார் நகல் எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். கதைப் புத்தகம், அகராதி, நீட் பயிற்சிப் புத்தகம் போகும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் தமிழ்நாட்டுப் பாடநூல்களை இங்கே கேட்பவர்கள் குறைவு. கடலூரில் விற்றால் போகும்.

விலை சொல்லக் கூடாதவை

கேஸ் சிலிண்டர் நம் சொத்து இல்லை, கம்பெனியுடையது. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கனெக்‌ஷனை ஏஜென்சியில் ஒப்படைத்தால் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் கட்டிய டெபாசிட் திரும்ப வரும், அந்த வவுச்சரைத் தேடி எடுத்து வையுங்கள். ஸ்டவ்வை விற்கலாம், ஆனால் ரப்பர் குழாயைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதற்கு ஆயுள் ஐந்து வருஷம்தான்.

ஹெல்மெட்டும் வேண்டாம். ஒரு தடவை அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும், வெளியே தெரியாது. மருந்து மாத்திரை, திறந்த பூச்சி மருந்து இதையெல்லாம் சொல்லவே தேவையில்லை.

பழைய சிலை, ஓலைச்சுவடி கிடைத்தால் நின்று யோசியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். மதிப்புள்ள சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷமே போதும். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் பண்ண முடியாது, தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. வார இறுதியில் ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர் வாசலில் நின்று, பூஜை அறையில் இருந்த பழைய நடராஜரைக் காட்டி விலை கேட்பார். சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிடுங்கள். சுவடி என்றால், செயின்ட் லூயி வீதியில் 1955-இல் ஆரம்பித்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவர்களிடம் உள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே கொண்டுபோய்க் காட்டினால் இது என்ன என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

சட்டம் தடுக்காவிட்டாலும் மனசு தடுக்கிற சாமான்களும் உண்டு. கல்யாணத்தில் ஏற்றின குத்துவிளக்கை விற்க வேண்டாம் என்று மாமியார் சொன்னால் வாதாடாதீர்கள், ஒரு விளக்கின் விலைக்கு அந்தச் சண்டை தாங்காது. மரத் தொட்டிலை எங்கள் பக்கம் விற்க மாட்டோம். பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டுத் தொட்டில் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், அடுத்த பிரசவத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும். படுக்கையில் இருந்தவர்கள் பயன்படுத்திய வாக்கர், சக்கர நாற்காலி, காற்று மெத்தை இவற்றை விலைக்கு வைக்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் அவற்றுக்குத்தான் தேவை அதிகம். நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்து, தெரிந்த மருத்துவமனைச் செவிலியரிடமோ முதியோர் இல்லத்திலோ சொல்லி வையுங்கள். ஒரே நாளில் ஆள் வருவார்கள். இறந்தவர் படுத்த கட்டில் என்றால், கேட்டால் மறைக்காதீர்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், சிலருக்கு அதெல்லாம் கணக்கே இல்லை.

நாளும் விலையும்

வெள்ளி, செவ்வாயில் வீட்டுச் சாமானை வெளியே கொடுக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஞாயிறு காலை ஆறரை முதல் பத்தரை வரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள். சம்பளம் வந்த முதல் வாரம் நல்லது. மாணவர்களை நம்பி விற்பதென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பாத்திரத்துக்குப் பொங்கலுக்கு முந்தின வாரங்கள். வீடு வெள்ளையடித்து ஒழுங்குபடுத்துகிற நேரம் அது, போகியில் எரிக்கப் போவதை அதற்கு முன்பே பிரித்துவிடலாம். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை நாள் குறிக்காதீர்கள், மழை முடிவு பண்ணிவிடும்.

ஓடுகிற மின்சாரச் சாமானுக்கு இன்றைய புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கேட்பதில்லை. எவர்சில்வருக்கு எடை விலையை விடக் கொஞ்சம் கூட. விலையைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் ஆளுக்கு ஒரு விலை சொல்லிவிடுவோம், பக்கத்தில் நிற்கிறவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒட்டினாலும், "அக்கா, ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கறேன், பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பார்கள். அதற்கு இடம் விட்டுத்தான் எழுத வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இறங்காதீர்கள். ஒன்பதரைக்கு மேல் பிடிவாதம் வேண்டாம். சில்லறைக்கு முதல் நாளே பத்து, இருபது ரூபாய் நோட்டு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஜி-பே ஸ்கேனர் ஒன்றையும் சுவரில் ஒட்டுங்கள்.

மீந்ததை மறுபடி பரணில் ஏற்றக் கூடாது. பழைய இரும்புக்காரரைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லி முன்பே பேசி வைத்துவிடுங்கள். அவர் வந்ததும் தராசை வெறும் தட்டோடு ஒரு முறை தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, காலையில் நீங்கள் எழுதி வைத்த எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பித்தளையை இரும்போடு சேர்த்துப் போடப் பார்ப்பார், தனியாக நிறுக்கச் சொல்லுங்கள்.